பதமும் நம்பரும்

ராஜபாளையத்தில் நூற்பாலைக்குப் போகிறவரிடம் "என்ன நூல் ஓடுது?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: "நாப்பதாம் நம்பர்", "அறுபதாம் நம்பர்". 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை நின்றால் அது நாற்பதாம் நம்பர் நூல். ராஜபாளையத்தில் நூற்றாலும் கோயம்புத்தூரில் நூற்றாலும் அந்தக் கணக்கு மாறாது. பகல் ஷிப்ட்காரர் அரை நைட்காரரிடம் மெஷினை ஒப்படைத்துவிட்டு வரும்போது நம்பரைச் சொன்னால் போதும்.

அங்கிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். பால்கோவா கிண்டுகிறவரிடம் "எப்ப இறக்குவீங்க?" என்று கேட்டால் நம்பர் கிடைக்காது. "பதம் வந்ததும்" என்பார். 2019இல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அந்தப் பதத்தை எந்தச் சான்றிதழிலும் எழுதிவிட முடியாது. பல வருடம் சட்டிக்கு முன்னால் நின்ற கண்ணுக்கும் கைக்கும்தான் அது தெரியும்.

சாகக் கிடக்கும் ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்ள இந்த இரண்டும் வேண்டும் என்பதை நான் கற்றது என் பெரியப்பாவின் கடைசி வாரத்தில்.

நாற்பது வருடம் மில்லில் உழைத்தவர். வயிற்றில் புற்றுநோய். இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்றானதும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலிக்கு மார்பின் மாத்திரை. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஆளாளுக்குப் போன் செய்தார்கள். "ஒரே தவிப்பா இருக்காரு" என்றார் பெரியம்மா. "என்னமோ உளர்றாரு, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறாரு" என்றார் மதினி. "ஒண்ணுமில்ல, தூக்கம் வராமப் பொரள்றாரு" என்றான் அண்ணன். மூவரும் பார்த்தது ஒரே ஆளை, ஒரே நேரத்தில். எனக்குக் கிடைத்ததோ மூன்று நோயாளிகள். நடுராத்திரியில் யாரோ ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் ஒரு தூக்க ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். பெரியப்பா கண் சொருகியபடியே தவித்தார்.

காலையில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த நர்ஸ் ஒருவர் வந்தார். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று கைக்கடிகாரத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு பேசாமல் பார்த்தார். பெரியப்பாவின் வலது கை வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தது, விட்டது, மறுபடி பிடித்தது. ஒரு கால் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தது. இருபது நொடி ஆகியிருக்கும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தார். கல் மாதிரி இருந்தது. "எப்ப யூரின் போனாரு?" யாருக்கும் தெரியவில்லை. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. அரை மணி நேரத்தில் பெரியப்பா கண்ணைத் திறந்து, "காப்பி இருக்கா?" என்றார்.

மதினியின் கணக்கு நோட்டை வாங்கி நர்ஸ் எழுதியது இரண்டே வரி. "காலை 10.00: +2. டியூப் போட்டபின் 10.45: 0." அது என்ன நம்பர் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரைப் பிடித்துக்கொண்டு தேடித் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கதை.

மருந்து போனது, அளவு நின்றது

கதை தொடங்குவது 1974இல். அந்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மைக்கேல் ராம்சே என்ற மயக்க மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களை ஒரு புதிய மருந்தால் எவ்வளவு ஆழத்தில் உறங்கவைப்பது என்பது பற்றிய கட்டுரை. மருந்தின் பெயர் ஆல்தீசின். 'எவ்வளவு ஆழம்' என்று சொல்ல அவர்களுக்கு ஒரு அளவு தேவைப்பட்டது. அதற்காக ஆறு படி வகுத்தார்கள். விழித்திருப்பவருக்கு மூன்று, உறங்குபவருக்கு மூன்று. உறங்குபவரின் புருவ மத்தியில் லேசாகத் தட்டி, முகம் சட்டென்று சுளிக்கிறதா, மெதுவாகச் சுளிக்கிறதா, அசையவே இல்லையா என்று பார்ப்பார்கள்.

ஆல்தீசினால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால் 1984இல் மனிதர்களுக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். மருந்தைச் சோதிக்கப் பிறந்த ஆறு படிகளோ உலகெங்கும் பரவி நின்றன.

அதில் ஒரு குறை இருந்தது. உறக்கத்துக்கு மூன்று படி வைத்தவர்கள் தவிப்புக்கு ஒரே ஒரு படிதான் வைத்தார்கள். போர்வையை நிரடுகிறவரும் நர்ஸின் முகத்தில் குத்துகிறவரும் அந்த அளவில் ஒன்றுதான். இன்னொரு பக்கம், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தேவைக்கு மேல் மயக்க மருந்து போகிறது என்ற கவலையும் வலுத்தது. 2000இல் சிகாகோவிலிருந்து வந்த ஆய்வு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 128 பேரைப் பார்த்தார்கள். தினமும் ஒரு முறை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தவர்கள் 4.9 நாளில் வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்தார்கள். வழக்கம்போல் மருந்து ஓடியவர்களுக்கு 7.3 நாள் ஆனது. இரண்டும் நடுமதிப்பு. அளக்காமல் கொடுத்த உறக்கத்துக்கு விலை இரண்டு நாளுக்கு மேல்.

ரிச்மண்டில் ஐந்து பேர்

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகர் ரிச்மண்ட். அங்குள்ள வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் கர்ட்டிஸ் செஸ்லர் என்ற நுரையீரல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் புதிய அளவு ஒன்றைச் செய்தார்கள். அது 2002இல் அச்சில் வந்தது. ஊரின் பெயராலேயே 'ரிச்மண்ட் அஜிட்டேஷன்–செடேஷன் ஸ்கேல்' என்று அழைத்தார்கள். சுருக்கமாக 'ராஸ்'. தவிப்பும் உறக்கமும் ஒரே ஏணியில்.

ஏணியின் நடுவில் சுழியம். விழித்திருக்கிறார், அமைதியாக இருக்கிறார் என்று பொருள். மேலே ஏறினால் தவிப்பு: +1 முதல் +4 வரை. கீழே இறங்கினால் உறக்கம்: -1 முதல் -5 வரை. மொத்தம் பத்துப் படி. குறியைப் பார்த்ததுமே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எண் பெரிதாகப் பெரிதாக அமைதியிலிருந்து அவ்வளவு தொலைவு.

இந்த அளவைச் சோதித்துப் பார்த்தவர்கள் யார் என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. இரண்டு டாக்டர்கள், இரண்டு நர்ஸுகள், ஒரு மருந்தாளுநர். ஐந்து பேரும் 192 முறை நோயாளிகளைப் பார்த்து நம்பர் போட்டார்கள். யார் பார்த்தாலும் அதே நம்பர் வருகிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் அதே நம்பர் வந்தது. டாக்டரின் கண்ணும் நர்ஸின் கண்ணும் ஒரே எடை என்று அந்தச் சோதனை ஒத்துக்கொண்டது. நினைவில் வைக்க எளிது என்று நர்ஸுகளும் சொன்னார்கள். 2013இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், இருப்பவற்றில் நம்பகமான இரண்டு அளவுகளில் ஒன்றாக ராஸைப் பரிந்துரைத்தது.

தோளில் ஒரு தொடுதல்

தீவிர சிகிச்சைப் பிரிவு வேறு, மரணத்தை நோக்கிப் போகிறவரின் அறை வேறு. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967இல் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லத்தைத் திறந்த நாளிலிருந்து, நோய் ஆதரவு சிகிச்சை என்பது குணப்படுத்த முடியாதவரின் துன்பத்தைக் குறைக்கும் கலையாக வளர்ந்துவருகிறது. அங்கே வென்டிலேட்டர் இல்லை. ஆனால் தவிப்பு உண்டு, மனக்குழப்பம் உண்டு. கனடாவின் எட்மன்டனில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், அங்குள்ள நோய் ஆதரவுப் பிரிவில் இறந்தவர்களில் 88 சதவீதம் பேருக்குக் கடைசி நேரத்தில் இந்தக் குழப்பம் இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் வந்த குழப்பங்களில் ஏறக்குறைய பாதி சரியாகிவிட்டன. அதாவது பாதி முறை அது மரணத்தின் அறிகுறி அல்ல. கண்டுபிடித்துத் தீர்க்கக்கூடிய ஏதோ ஒன்று. என் பெரியப்பாவின் சிறுநீர்ப்பை போல.

ஆகவே இங்கேயும் ஏணி தேவைப்பட்டது. ஆனால் ரிச்மண்டில் செய்த ஏணியை அப்படியே கொண்டுவர முடியவில்லை. அதன் அடிப்படிகளில், குரலுக்கு அசையாதவரின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும், அல்லது நெஞ்செலும்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். தீவிர சிகிச்சையில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். இன்னும் ஓரிரு நாளில் போகப்போகிற கிழவரின் நெஞ்சைத் தேய்த்து வலிக்கச்செய்து, அவர் எவ்வளவு உறங்குகிறார் என்று அளப்பது எப்படிச் சரியாகும்? அதுவும் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது?

இந்தக் கேள்விக்கு விடை ஒட்டாவாவில் கிடைத்தது. எலிசபெத் ப்ரூயேர் என்ற கன்னியாஸ்திரி 1845இல் தொடங்கிய மருத்துவப் பணியின் வழிவந்த நிறுவனம் அந்த நகரில் இருக்கிறது. அதன் நோய் ஆதரவுப் பிரிவில் டாக்டர் ஷர்லி புஷ்ஷும் குழுவினரும் ராஸைத் திருத்தி, 2014இல் ஒரு சிறு முன்னோட்ட ஆய்வாக வெளியிட்டார்கள். பெயர் 'ராஸ்-பால்'. வென்டிலேட்டர் பற்றிய சொற்களை நீக்கினார்கள். கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ இறங்கப் பார்ப்பதைச் சேர்த்தார்கள். உலுக்குவதையும் தேய்ப்பதையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'லேசான தொடுதல்' என்று எழுதினார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

இருபது நொடி

ராஸ்-பால் சொல்லும் வேலை மூன்று: பார், கூப்பிடு, தொடு. முதலில் இருபது நொடி பேசாமல் பார்க்க வேண்டும். அதில் பத்து நொடிக்கு மேல் விழிப்பாகவோ தவிப்பாகவோ இருந்தால் சுழியத்திலிருந்து மேலே. அமைதியாக விழித்திருந்தால் 0. எப்போதாவது காரணமில்லாமல் கை போர்வையை நிரடினால் +1. அது அடிக்கடி நடந்தால், எழுந்து இறங்கப் பார்த்தால் +2. டியூபைப் பிடுங்கினால், உதைத்தால் +3. பொருளை எறிந்து, பக்கத்தில் நிற்பவருக்கே ஆபத்து என்றானால் +4.

கண்ணை மூடிக் கிடந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணோடு கண் பத்து நொடியாவது நின்றால் -1. அதற்குள் மூடிவிட்டால் -2. இமையோ உடம்போ அசைந்தும் பார்வை நம்மிடம் வந்து சேராவிட்டால் -3. குரலுக்கு ஒன்றுமில்லை, லேசாகத் தொட்டால் அசைகிறார் என்றால் -4. தொட்டும் அசைவில்லை என்றால் -5.

இதைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். கண்ணைப் பழக்கத்தான் நாளாகும். பயிற்சியின் உயிர்நாடி எளிய ஒரு வழக்கம். இரண்டு பேர் ஒரே நோயாளியை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுத வேண்டும். பிறகு தாளைத் திருப்ப வேண்டும். ஒருவர் -2, ஒருவர் -3 என்றால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. "பார்த்தாரா, வெறுமனே இமை திறந்ததா?" என்று பேசித் தீர்க்க வேண்டும். நாற்பது முறை தாளைத் திருப்பிய பின் இரண்டு கண்ணுக்கும் ஒரே பதம் பிடிபடும்.

புதிதாகக் கற்பவர்கள் வழுக்கும் இடங்களும் உண்டு. தாமே பார்க்காமல் "எப்படி இருக்காரு?" என்று வீட்டாரைக் கேட்டு எழுதுவது. பார்ப்பதற்கு முன்பே தொட்டு எழுப்பிவிடுவது. சத்தம்போடாதவரெல்லாம் நலம் என்று சுழியம் போடுவது. குழப்பத்தில் ஒரு வகை கத்தும், ஒரு வகை மௌனமாகச் சுருண்டு கிடக்கும்; அந்த இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, + வந்ததும் ஊசியை எடுப்பது. நம்பர் காரணத்தைச் சொல்லாது. சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, காய்ச்சலா, வலியா, மூச்சுத் திணறலா, நாக்கு வறண்டிருக்கிறதா, நேற்று மாற்றிய மருந்தா, நாற்பது வருடப் பீடியோ மூக்குப்பொடியோ குடியோ திடீரென்று நின்றதா என்று தேடுவது மனிதரின் வேலை. இவை எல்லாம் பார்த்தும் துன்பம் தீராவிட்டால்தான் உறங்கவைக்கும் மருந்து. அப்போதும் துன்பம் அடங்குகிற அளவுக்கு மட்டும். "-2 போதும்" என்று டாக்டர் எழுதியிருக்க, நோயாளி -4இல் கிடந்தால் நர்ஸ் போனை எடுக்க வேண்டும். நம்பர் இருப்பது அதற்காகத்தான்.

எங்கள் ஊர் வீடுகளில்

இந்தியாவில் நோய் ஆதரவு சிகிச்சைக்கென முதல் இல்லம் 1986இல் மும்பையில் எழுந்தது: சாந்தி அவேத்னா சதன். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் தொடங்கிய சங்கம் அந்தச் சிகிச்சையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். வழி திறந்திருக்கிறது. ஆனால் நர்ஸ் வீட்டில் இருக்கும் நேரம் அரை மணி. மிச்சம் இருபத்து மூன்றரை மணி நேரமும் ட்யூட்டி மதினியுடையது. எங்கள் ஊர்களில் நர்ஸ் ட்யூட்டி ஒப்படைப்பது இன்னொரு நர்ஸிடம் அல்ல, மருமகளிடம். ஆகவே இந்தப் பயிற்சி ஆஸ்பத்திரி வாசலோடு நின்றால் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும்.

ராஸ்-பாலின் மொழியை மாற்றினால் மட்டும் போதாது என்பதை, டியூப் போட்டதற்கு மறுநாள் சாயங்காலம் பார்த்தேன். பெரியப்பா கண் மூடிக் கிடந்தார். நர்ஸ் இருபது நொடி பார்த்துவிட்டு, பெரியம்மாவிடம், "இவர வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்கம்மா?" என்றார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வருடத்தில் அவர் பெயரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நர்ஸ் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, "நீ கூப்பிடு" என்றார். "தாத்தா... தாத்தா, என்னையப் பாருங்க." இமை திறந்தது. பார்வை பையன் முகத்துக்கு வந்தது, நாலைந்து நொடி நின்றது, மூடிக்கொண்டது. "மைனஸ் ரெண்டு" என்றார் நர்ஸ். ஒட்டாவாவில் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று எழுதியதற்கு ராஜபாளையத்தில் பொருள், அவருக்கு உயிரான குரலைத் தேடிப் பிடி என்பதுதான். தொடுதலும் அப்படித்தான். ஒரு பாட்டியின் தோளை யார் தொட்டால் அவர் கூசமாட்டார் என்று வீட்டுக்குத்தான் தெரியும்.

நம்பரைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. "இனிமே கரண்டியில கஞ்சி வேண்டாம், பொறையேறிரும். யாராவது பால் ஊத்தணும்னு சொன்னாலும் பஞ்சுல நனச்சு உதட்டுல தொட்டு வைங்க. கட்டாயம் பேசுங்க, காதுல விழும்னு நெனச்சே பேசுங்க." பக்கத்து ஊர்ச் சத்திரப்பட்டியில் நெய்த கட்டுத்துணி ஒரு துண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர். அன்றிரவு மதினிக்கு வேறு மருத்துவச் சாமான் தேவைப்படவில்லை.

தவிப்பு, பொரளல், உளறல், மசமசப்பு, அசதி, மயக்கம், நெனப்பில்லாமை. ஏணிக்கு வேண்டிய சொற்கள் தமிழில் முன்பே இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் எந்தப் படி என்று நாம் இன்னும் பேசி ஒத்துக்கொள்ளாததுதான் குறை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு வீடாகப் போகும் நர்ஸுகளும் தன்னார்வலர்களும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து, இந்தச் சொற்களைப் பத்துப் படியில் அடுக்கி, இரண்டு இரண்டு பேராகத் தாளைத் திருப்பிப் பழகினால் போதும். பெரிய கட்டடம் வேண்டாம். மெஷின் வேண்டாம். கடிகாரம், பென்சில், ஒரு நோட்டு.

பெரியப்பா நான்காம் நாள் விடியற்காலையில் போனார். அந்த நோட்டு இன்னும் மதினியிடம் இருக்கிறது. கடைசி இரண்டு பக்கமும் அவர் கையெழுத்து. இரவு 9.00: -3. 12.00: -4. 3.00: -4. அந்த மூன்று வரியிலும் + இல்லை. கடைசி இரவில் பெரியப்பா தவிக்கவில்லை என்று எங்கள் குடும்பம் நிச்சயமாகச் சொல்ல முடிவது அந்த நோட்டால்தான்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படிக் கிடந்தால், போனை எடுக்கும் முன், ஊசி கேட்கும் முன், கால்மாட்டில் நின்று இருபது நொடி பேசாமல் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். வருகிற நர்ஸிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.